காக்காவின் முகம்

முகத்தில் வரைவதற்குச் சிரமமானது மூக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் காதுதான் சிரமம். யாரும் காதை உற்றுப் பார்ப்பதில்லை, ஆனால் அது அரை விரல் இறங்கிவிட்டால் பார்க்கிறவருக்கு ஆள் மாறிப்போகும். முப்பத்திரண்டு வருடமாக முகம் வரைகிறேன். இன்றைக்கும் காதுக்கு வந்தால் மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டுதான் தூரிகையை வைப்பேன்.

நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் என்றால் நிதானமாகவே சொல்கிறேன், மேடம். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நெற்றியில் இருக்கிற தையலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கண்ணாடிச் சில்லு கீறியது, மூன்றே தையல்.

காக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிற பெயரும் வயதும்தான். எங்களுக்கு அவன் காக்கா. ஓவியப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், கரித்துண்டைத் தாளில் வைத்தவன் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு காக்கா போட்டான். அது தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஆசிரியரைப் பார்த்து அவன் சிரித்தால்கூட "காக்கா பிடிக்கிறான் பாரு" என்பார்கள். "நானே காக்கா, என்னை யாருடா பிடிக்கிறது" என்பான். எனக்கு அவன் வைத்த பெயர் ஸ்கேல். எதையும் அளந்து போடுகிறவன் நான். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

அவன் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கு மிருகங்கள் வரைந்துகொண்டிருந்தான். நான் வரைந்தது ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், நீதிபதிகள், கம்பெனித் தலைவர்கள். என் படங்கள் பல கட்டடங்களில் சுவரில் மாட்டியிருக்கின்றன. சாயல் தப்பியது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. பதினோரு வருடத்துக்கு முன் ஒரே ஒரு கண்காட்சி வைத்தேன். எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மாள் ஒருவர் வந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். கடைசியில் என் தோளைத் தட்டி, "எல்லாம் சரியா இருக்குப்பா. ஆளைத்தான் காணோம்" என்றார். வஞ்சகமில்லாத மனுஷி. மனதில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

போன வருடம் காக்காதான் ஆரம்பித்தான். "ஸ்கேலு, நீ வரையற பெரிய மனுஷங்க மூஞ்சில டையும் மீசையும்தான் இருக்கு. என்னை வரைடா. அசையாம உட்கார்றேன், டீயும் நானே போட்டுத் தர்றேன். இதுக்கு மேல ஒரு பொணம்தான் உனக்கு ஒத்துழைக்கும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்காருவோம். அவன் வீட்டு முன்னறையில் வடக்குப் பார்த்த ஜன்னல் உண்டு. வெளிச்சம் மதியம் வரை மாறாது. அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவள் என்னை அண்ணா என்பாள். ஞாயிறுகளில் அவள் இரண்டு தெரு தள்ளியிருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அக்கா படுத்த படுக்கை. குளிப்பாட்டி, சாப்பிட வைத்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்புவாள். ஆக வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

முதல் மூன்று வாரமும் வீண். சாயல் வந்தது, ஆள் வரவில்லை. அவன் ஓயாமல் சிரிப்பான், சிரிக்க வைப்பான். சிரிக்கிற முகத்தை வரையக் கூடாது, மேடம். உதடு பல்பொடி விளம்பரம் மாதிரி வரும். நான் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்.

நான்காவது வாரம், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரி மேல் வைத்தேன். வைத்ததை மறந்துவிட்டேன். அது உண்மையிலேயே மறதிதான். இடைவேளையில் அவன் தேடினான். மேசையில், சட்டைப் பையில், குளியலறையில். நான்தான் எடுத்தேன் என்பது அவனுக்கும் நினைவில்லை. திரும்பி வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுதுடா" என்றான்.

அவன் அம்மாவின் கடைசி நான்கு வருடங்கள் எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை, சாப்பிட்டீங்களா" என்று மரியாதையாகக் கேட்டவள். அதைச் சொல்லி அவன் என்னிடம் அழுதிருக்கிறான். அன்று அவன் முகத்தில் அந்த நான்கு வருடமும் வந்து நின்றது. கன்னத்தின் சிரிப்புக் கோடுகள் அவிழ்ந்து, கண்ணுக்குக் கீழே இருந்த தோல் லேசாக மேலே இழுத்துக்கொண்டது. முதல்முறையாக அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

அதற்குள் எனக்குக் கண்ணாடி எங்கே என்பது ஞாபகம் வந்துவிட்டது. சொல்லவில்லை. ஒரு நிறம் கலக்கிற நேரம் சும்மா இருந்தேன். பிறகு எடுத்துக் கொடுத்து, "நீதானேடா மேல வச்சே" என்றேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். திட்டம் என்று எதுவும் கிடையாது. அடுத்த வாரம் போனபோது அவன் மறுபடியும் சிரித்துக்கொண்டிருந்தான், பழைய முகம் திரும்பியிருந்தது. வேலை பாதியில் நின்றால் என்ன செய்வீர்கள்? விட்ட இடத்திலிருந்து தொடர்வீர்கள். நானும் அவன் வீட்டுச் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டேன். மறுவாரம் அவன் தூரிகை ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னச் சின்ன விஷயங்கள். எதுவும் உடையவில்லை, எதுவும் தொலையவில்லை.

நன்றாக வேலை செய்தது வேறொன்று. அவன் ஒரு நகைச்சுவையைச் சொல்லி முடிப்பான். நான் கொஞ்சம் தயங்கிவிட்டு, இரக்கமாகப் பார்த்து, "இதைப் போன வாரமே சொன்னியேடா" என்பேன். அவன் சொல்லியிருக்க மாட்டான். ஆறேழு முறை இப்படி ஆன பிறகு அவன் ஜோக் சொல்வதையே நிறுத்திவிட்டான். வாயைத் திறக்குமுன் என் முகத்தைப் பார்ப்பான், இது புதிதா பழையதா என்று. அந்தப் பார்வையைப் பிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கண்மணிக்கும் மேல் இமைக்கும் நடுவில் ஒரு நூல் அளவு வெள்ளை தெரியும். அதுதான் சூட்சுமம்.

காக்காவின் மூன்றாவது காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு அவன் ஒரு காக்கா வரைந்து, மேசையில் காயவைத்திருந்தான். அவன் டீ போடப் போன நேரத்தில் நான் ஒரு கால் சேர்த்தேன். முப்பது வருடமாகப் பார்த்த கை, அவன் கோட்டை என்னால் போட முடியும். அவன் கவனிக்காமல் உறையில் போட்டு அனுப்பிவிட்டான். பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டுச் சிரித்தார்களாம். பிறகு படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு நான் போனபோது அவன் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்கேலு, இங்க பாரு. இது என் கோடுதானே?"

பார்த்தேன். "உன் கோடுதான்."

"யாராவது விளையாடியிருப்பாங்களோன்னு பார்த்தேன். இல்லடா. அழுத்தம், திருப்பம் எல்லாம் நான்தான். நானே போட்டிருக்கேன். எப்பப் போட்டேன்னே தெரியலடா."

நான் அவனைத் தோளில் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அன்று மூன்று மணி நேரம் வரைந்தேன். வாயோரம் முழுக்க அன்று முடிந்தது.

தங்கச்சி அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் அவன் வாசலிலேயே நின்று என்னைக் கட்டிக்கொண்டான். முகமெல்லாம் வெளிச்சம். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. தூரிகையைக் கழுவிக்கொண்டே, "ஆரம்பத்துல ஸ்கேன்ல தெரியாதுன்னு எங்கேயோ படிச்சேன். ஆனா நீ அதெல்லாம் மனசுல வச்சுக்காதே" என்றேன். மனசில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் என்னவெல்லாம் செய்தான் தெரியுமா? காலையில் எழுந்ததும் ஒரே இழுப்பில் காக்கா வரைந்து பார்ப்பான், கை நினைவில் இருக்கிறதா என்று. அடுக்கடுக்காகக் காக்காக்கள், கால்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிய விரல் கறையோடு. உள்ளங்கையில் தேதி எழுதிக்கொள்வான். மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டால் அவள் பெயரை முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பான். தனியாக ஒரு அறையில் இருக்கமாட்டான். தங்கச்சி குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பானாம். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருவேளை நான் உன்னை யாருன்னு கேட்டுட்டா, கோவிச்சுக்காதடா. மெதுவா, ஸ்கேல்னு சொல்லு. அதுக்கு மட்டும் பொறுமையா இரு" என்றான்.

பொறுமையாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முடியும்வரை படத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. கிளம்பும்போது சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவேன். ஒரு ஞாயிறு நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவன் அதன் முன்னால் நின்றிருந்தான். பிறகு, "இது எங்கம்மாடா" என்றான். "நல்லா வந்திருக்கு ஸ்கேலு. நீ இப்படி வரைஞ்சதே இல்ல. ஆனா இவன் யாரைப் பார்த்து இவ்வளவு பயப்படறான்?"

"என்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கே. வேற யாரை?" என்றேன்.

அவன் சிரிக்க முயன்றான். பயமில்லாதவன் என்று என்னை நினைக்காதீர்கள். அன்றிரவு தூங்கவில்லை. அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று பயப்படவில்லை, மேடம். நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டானே, இனி கெட்டுப்போய்விடுமோ என்றுதான் பயந்தேன். இடது கண் இன்னும் பாக்கி இருந்தது.

ஸ்டவ்வைத் திறந்துவிட்டது அதற்கு அப்புறம்தான். பற்றவைக்காமல் குமிழை மட்டும் திருப்பி விடுவது. முதல் இரண்டு முறையும் சரியாக நடந்தது. இரண்டு நிமிடத்தில் வாசனை வரும், அவன் எழுந்து ஓடுவான், அணைப்பான், ஜன்னலைத் திறப்பான். திரும்பி வந்து உட்காரும்போது வேலைக்கு வேண்டியதெல்லாம் முகத்தில் இருக்கும். டீ போட்டவன் அவன், அதனால் மறந்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு தங்கச்சி வெளியே போகும்போதெல்லாம் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் போனாள். சமையலறைச் சுவரெங்கும் துண்டுச் சீட்டு ஒட்டினாள். "அணைச்சீங்களா?" "கதவு பூட்டியாச்சா?" கடைசிச் சீட்டில், "பயப்படாதீங்க, நான் ஒரு மணிக்கு வந்துடுவேன்."

நல்ல பெண். புத்திசாலி. நீங்கள் அவளுடைய நோட்டைக் கண்டுபிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீல அட்டை. அவனுக்கு மறதி வந்த ஒவ்வொரு நாளையும் டாக்டருக்குக் காட்ட எழுதி வைத்திருந்தாள். போன மாதம் தெருமுனையில் என்னை நிறுத்தி அதைக் காட்டினாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. எல்லாமே ஞாயித்துக்கிழமையா இருக்கு. மத்த நாள்ல பயந்துக்கிட்டே இருக்காரு, ஆனா எதையும் மறக்கறதில்ல."

"உட்கார்ந்தே இருக்கிறதுல களைப்பா இருக்கும்மா."

"இருக்கும்" என்றாள். நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். என் கண்ணைப் பார்க்காமல், "இந்த ஞாயிறு நான் சீக்கிரம் வந்துடறேன். நானும் கூட உட்கார்றேன். எப்படி வரையறீங்கன்னு பார்க்கணும்" என்றாள்.

அவளுக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கணவன் மேல் அக்கறை உள்ள பெண், அவ்வளவுதான். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. அவள் கூட உட்கார்ந்தால் அவன் பயப்படமாட்டான்.

அந்த ஞாயிறு மழை. எல்லா ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். பதினொன்றே காலுக்கு நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். வால்வைத் திறக்க மேடைக்கு அடியில் குனிய வேண்டியிருந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு குமிழையும் திருப்பினேன். திரும்பி வரும்போது நடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்து இடது கண்ணை எடுத்தேன்.

வாசனை வரும், அவன் எழுவான் என்று காத்திருந்தேன். அவன் எழவில்லை. வீட்டில் இருவருக்குமே மூன்று நாளாக ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைப்பு. அதை நான் யோசிக்கவில்லை. நடையைத் தாண்டி வாசனை எனக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. நான் போய் அணைத்திருக்கலாம். போயிருந்தால், பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்ற தைரியம் அவனுக்கு வந்திருக்கும். கண்ணில் ஈரம் சேர்கிற கட்டத்தில் இருந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று இருந்தேன். ஐந்து நிமிடம் இருபதாகிவிட்டது. வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நேரம் அப்படித்தான் போகும்.

பின்வாசல் கொண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. குடையை உதறுகிற சத்தமும். அது யார் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. "வந்துட்டா போலிருக்கு" என்று எழப் பார்த்தான். அவன் முகம் தெளிய ஆரம்பித்தது.

நான், "அசையாதே" என்றேன்.

அசையவில்லை. என் பேச்சை அவன் தட்டினதே கிடையாது.

அவள் கொண்டியைத் திறந்ததற்கும் விளக்கைப் போட்டதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். மழைநாள், சமையலறை இருட்டு. செருப்பைக் கழற்றினாள், குடையை மூலையில் சாய்த்தாள். ஒரு பெயரைச் சொல்லிக் கத்த அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சீக்கிரம் வருவாள் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். எனக்காகவே வருகிறாள் என்பதும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் குனிந்தேனா என்றால், குனியும்போது நான் இடது கண்ணை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்துதான்.

சுவிட்சைத் தட்டியதும் கேஸ் வெடித்து, நடைக் கதவு பெயர்ந்து வந்து விழுந்தது. முதலில் எதைத் தூக்கினாய் என்று கேட்டால், படத்தைத்தான் தூக்கினேன். அது முகம் மேலே பார்க்க விழுந்திருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. காக்கா உள்ளே ஓடினான். கைகளைப் பார்த்திருப்பீர்கள், அவளை வெளியே இழுத்தபோது வெந்தவை அவை. வாசலில் அவளைக் கிடத்திவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நான் என்னடா பண்ணினேன்? ஸ்கேலு, நான் என்ன பண்ணினேன்?"

அந்த முகத்தை நான் ஐந்து விநாடி பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு வருடம் நான் வரைந்ததெல்லாம் வெறும் ஒத்திகை. அதைச் சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் உண்மை அதுதான்.

தங்கச்சி மூன்றாம் நாள் போய்விட்டாள். அவளை நினைத்து அழுதேன். நடிப்பில்லை.

தான்தான் ஸ்டவ்வை மறந்ததாக அவன் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். "என் மனைவியை நானே கொன்றேன்" என்று மனநல வார்டில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறானாம். அது பொய். ஒரு நாள்கூட அவன் எதையும் மறந்ததில்லை. அந்த மூளையில் ஒரு பழுதும் கிடையாது. ஒரு நிரபராதி, அதுவும் என் சிநேகிதன், செய்யாத குற்றத்தைச் சுமக்கக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று முன்தினம் அவனைப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. ஆனால் ஏதோ மாத்திரை கொடுக்கிறார்கள், மேடம். முகம் ஊதிப்போய்க் கிடக்கிறது. கன்னம் பிசைந்த மாவு மாதிரி. கண் இரண்டும் பாதி மூடி, உள்ளே யாருமே இல்லை. இன்னும் ஒரு வாரம் இப்படிக் கொடுத்தால் இருந்த சுவடே போய்விடும். குற்றவாளி அவன் இல்லை என்று ஆகிவிட்டால், அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல உங்களால் முடியும்தானே? அவனுக்கு நல்லதுதான் கேட்கிறேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், எத்தனை வருடம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கிறேன். படம் என் வீட்டில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. இடது கண் ஒரு மணி நேர வேலைதான், இரண்டு போலீஸ்காரர்கள் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை. நான் கூப்பிட்டால் அவன் வந்து உட்காருவான். ஒரே ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். தங்கச்சியைக் கொன்றது அவன் இல்லை என்பதை, இந்த ஞாயிறு முடிகிறவரை அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.